அலர்ஜி யாருக்கு, பத்தியம் யாருக்கு?

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஐந்து கட்டை உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மூத்தவனுக்கு எட்டு வயது. ஆறு வயதில் இரவுச் சந்தையில் இறால் போட்ட மீ கோரேங் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கிளினிக்கில் ஊசி போட்டார்கள், சரியானது. போன மாதம் நாத்தனார் வீட்டில் நாசி லெமாக் சாப்பிட்டான். அதில் இறாலே இல்லை, வெறும் பெலாச்சான்தான். மறுபடியும் தடிப்பு, இந்த முறை இரண்டு தடவை வாந்தி, விடாத இருமல். "ஒதுக்க ஒதுக்க உடம்பு எதற்கும் பழகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு" என்கிறார் மாமியார். எனக்கும் அலர்ஜி உண்டு. தே தாரேக் (பால் தேநீர்) குடித்தால் வயிறு உப்பி, பின் பேதியாகிறது. சத்துப் பொருள் விற்கும் ஒருவர் மூலம் ரத்தச் சோதனை செய்ததில் 27 உணவுகள் ஆகாது என்று வந்தது. பால், முட்டை, கோதுமை, தேங்காய், அரிசிகூட அதில் இருக்கிறது. ஆறு மாதமாக அத்தனையையும் விட்டுவிட்டேன். எட்டு கிலோ குறைந்திருக்கிறேன். ஏழு மாதக் கைக்குழந்தை அண்ணனைப் போல் ஆகிவிடக் கூடாது என்று அவளுக்கு முட்டை, கடலை எதையும் காட்டவில்லை. கணவருக்குத் தொங்கோல் மீன் சாப்பிட்டு ஒருமுறை முகம் சிவந்தது. அதிலிருந்து வீட்டில் மீனும் கிடையாது. எங்கள் குடும்பமே அலர்ஜி உடம்பா? நான் எதைத்தான் சமைப்பது? பின்குறிப்பு: நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறது. ஆனால் அது அந்த 27-இல் இல்லை. பையனுக்கு மழைக்காலத்தில் இழுப்பு வரும்.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து, உங்களுக்குச் சாப்பிட என்ன மிச்சம் இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். அரை தாள்கூட நிரம்பவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் ஒருத்தி அரிசியையும் விட்டுவிட்டு, தொழிற்சாலையில் நின்று வேலையும் பார்க்கிறாள் என்றால் எட்டு கிலோ குறையாமல் என்ன செய்யும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பத்தியம் ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது. கண்டிப்பாக இருக்க வேண்டியது பையன் விஷயத்தில். அங்கே "கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா" என்ற பேச்சு நடக்கிறது. தாராளமாக இருக்க வேண்டியது உங்கள் தட்டிலும் கைக்குழந்தையின் கிண்ணத்திலும். அங்கே பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் மிக முக்கியமான இரண்டு செய்திகளைப் பின்குறிப்பில் தள்ளிவிட்டீர்கள். அவற்றுக்கும் வருகிறேன்.

நாம் எல்லாவற்றுக்கும் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. பையனுக்கு நடப்பது வேறு, உங்கள் வயிற்றில் நடப்பது வேறு. தோட்டத்து ஆளுக்குத் தோட்டத்து உதாரணமே சரி. பையனின் உடம்பில் இருப்பது வாசலில் நிற்கும் ஜாகாவின், அதாவது காவலாளியின், கோளாறு. இறாலில் உள்ள ஒரு புரதத்தைத் திருடன் என்று அவன் தவறாக முடிவு கட்டி, முகத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். இனி அந்த முகம் வாசலில் தலையை நீட்டினாலே போதும், மணியடித்து ஊரையே எழுப்புவான். வந்தது ஒரு தட்டு இறாலா, கரண்டியில் ஒட்டிய துளியா என்று அவன் பார்ப்பதில்லை. ரத்தத்தில் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. அது தூண்டியதும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. தடிப்பும் வீக்கமும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

உங்கள் வயிற்றில் நடப்பது ஆலைக் கோளாறு. செம்பனை ஆலையில் ஓர் இயந்திரம் மட்டும் ஓடும் நாளில் லாரி லாரியாகக் குலைகளைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? அரைபடாதவை குவிந்து கெடும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் அது குறைந்துபோவது உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு நடக்கிறது; ஆசியர்களான நமக்குச் சற்று அதிகமாகவே நடக்கிறது. உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அதனால் உப்புசம், வாயு, பேதி. தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இங்கே எவ்வளவு என்பதுதான் கணக்கு. பையனுக்கோ துளியும் ஆகாது.

முதலில் பையன். பெலாச்சானில் இறால் இல்லை என்று சொல்வது கருவாட்டில் மீன் இல்லை என்று சொல்வது போல. கெராகாவ் என்கிற பொடி இறாலை உப்பிட்டு, இடித்து, வெயிலில் காயவைத்து, புளிக்கவைத்துச் செய்வதுதான் பெலாச்சான். இறாலில் அலர்ஜியைக் கிளப்பும் முக்கியப் புரதத்தின் பெயர் டிரோபோமயோசின். சூட்டுக்கு அசையாத சாதி அது. வேகவைத்தாலும் பொரித்தாலும் குணம் மாறாது. புளிக்கவைத்துவிட்டதால் பயமில்லை என்றும் நம்ப முடியாது. சம்பாலிலும், காங்கோங் பிரட்டலிலும், பழ ரோஜாக்கிலும் லக்சாவிலும் ஊற்றும் கறுப்பு இறால் விழுதான ஹெக்கோவிலும், புளிக்கவைத்த பொடி இறாலான சின்சாலோக்கிலும், இறால் அப்பளமான கெரோப்போக்கிலும் அது உட்கார்ந்திருக்கிறது. நண்டும் கல் இறாலும் அதே குடும்பம். கணவாய், கெராங் சிப்பி ஆகியவற்றில் உள்ளது அதற்குத் தூரத்துச் சொந்தம். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அவையும் வேண்டாம். நெத்திலிப் பொட்டலத்தை ஒரு தட்டில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். நெத்திலியோடு வலையில் சிக்கிய குட்டி இறால், சிவந்த நூல் துண்டு போல், அங்கங்கே சுருண்டு கிடக்கும். பொறுக்கி எடுத்துவிட்டாலும் அதன் தூள் மற்றதில் ஒட்டியிருக்கும். எனவே பையனுக்கு நெத்திலி வேண்டாம், முழு மீன் கொடுங்கள். மீனின் அலர்ஜிப் புரதம் இறாலுடையதிலிருந்து வேறானது. இதுவரை மீன் அவனுக்கு ஒத்துக்கொண்டது என்றால் இறாலுக்காக மீனை விலக்க வேண்டியதில்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ஒரு தோட்டத்து அம்மாள்தான். உணவியல் ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், அச்சடித்த தாள் ஒன்றைப் பெருமையாக அவர் கையில் கொடுத்தேன். கிளிஞ்சல், சிங்கி இறால், குளிர்கடல் மீன் என்று அவர் வாழ்நாளில் கண்ணால் பார்க்காத பண்டங்களெல்லாம் அதில் இருந்தன. பொறுமையாக மகளைவிட்டு முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, பெலாச்சான் எந்த வரியில் இருக்கிறது?" என்றார். எந்த வரியிலும் இல்லை. அந்தத் தாளை அன்றோடு விட்டுவிட்டேன்.

உங்கள் மாமியார் அடுப்பில் பெலாச்சானைச் சுடும்போது பையன் இருமுகிறானா என்று கவனியுங்கள். அலர்ஜி உள்ள சிலருக்கு வேகும் இறாலின் ஆவியே மூச்சுக்குழலைச் சுருக்கும், இழுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் எளிதாக. ஜன்னல் அடைத்த லயத்து அடுப்படியில் அந்தப் புகை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டில் பெலாச்சானை அறவே நிறுத்துவது நல்லது. முடியாவிட்டால் அவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில், வெளி அடுப்பில், தனி அம்மியில் வைத்துக்கொள்ளட்டும். வடை சுடும் எண்ணெயும் கணக்கில் சேரும். காலையில் இறால் வடை பொரித்த எண்ணெயில் மாலையில் போட்ட பருப்பு வடையும் அவனுக்கு இறால் வடைதான்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் தலைமுறைக்கு இந்த நோய் தெரியாததல்ல. எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் தடிப்பதற்குக் 'காணாக்கடி' என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். இறால், கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம், அதாவது தோலில் கரப்பான் படையைக் கிளப்பும் பண்டம், என்று ஒதுக்கியவர்களும் அவர்களே. இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. இறாலில் இருக்கும் அந்த டிரோபோமயோசினின் நெருங்கிய சாயல் வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியிலும், கரப்பான் பூச்சியிலும் இருக்கிறது. இவற்றுக்கு அலர்ஜி கொண்ட உடம்பு இறாலிலும் அதே முகத்தைக் கண்டு மிரள்வதுண்டு. பண்டத்துக்கும் பூச்சிக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். மழைக்காலத்தில் பையனுக்கு இழுப்பு வருகிறது என்கிறீர்கள். மெத்தை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள். அடுப்படியில் பூச்சியை ஒழியுங்கள்.

"கொடுத்துப் பழக்கு" என்பதும் முழு மூடத்தனமல்ல. அலர்ஜி உள்ள குழந்தைக்கு அந்தப் பொருளை மில்லிகிராம் கணக்கில் கொடுத்து மெல்ல ஏற்றும் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. நிலக்கடலைக்கென அப்படி ஒரு மருந்தை அமெரிக்கா 2020-இல் அங்கீகரித்தது. ஆனால் ஒவ்வொரு முறை அளவை ஏற்றும்போதும் மருத்துவமனையில் உட்காரவைத்து, ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது அது. சம்பாலில் கரண்டி நுனியைத் தொட்டு நாக்கில் வைப்பது அந்தச் சிகிச்சையாகாது. "அத்தை, நீங்கள் சொல்வதை ஆஸ்பத்திரியிலும் செய்கிறார்களாம், அங்கே டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்வோம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னது தப்பு என்று ஆக்காமலே கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கிவிடலாம்.

அவசரம் ஏன் என்றால், போன மாதம் நடந்ததை நீங்கள் 'மறுபடியும் தடிப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் தடிப்பல்ல. தோலில் தடிப்பு, வயிற்றில் வாந்தி, மூச்சில் இருமல் என்று மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் மணியடித்திருக்கிறது. அனஃபிலாக்சிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இழுப்பு உள்ள குழந்தைக்கு அது மோசமாகப் போகும் வாய்ப்பு அதிகம். பின்குறிப்பில் எழுதிய அந்த ஒரு வரி எனக்குக் கடிதத்தின் முதல் வரியாகப்பட்டது இதனால்தான்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டிய ஊசி. அரிப்பு மாத்திரை தடிப்பை அடக்கும். மூச்சடைப்பையோ ரத்த அழுத்தம் சரிவதையோ நிறுத்தாது. முதல் முறை கிளினிக்கில் போட்டது எந்த ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ அட்ரினலினும் இருக்கிறது. பையனின் எடைக்கு எது சரி, எப்படிப் பெறுவது, எப்படிப் போடுவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்து எழுதுவது என் வேலையன்று.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்கு முடியவில்லை என்றால் அப்பா மோட்டார் சைக்கிளை எடுப்பார், அம்மா பின்னால், நடுவில் குழந்தை. இந்த நோய்க்கு அதைச் செய்யாதீர்கள். ரத்த அழுத்தம் சரியும் நேரத்தில் நிமிர்த்தி உட்காரவைப்பதும், எழுந்து நடக்கவைப்பதும் ஆபத்து. குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, துவண்டாலோ, தடிப்போடு வாந்தி சேர்ந்தாலோ படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடமுடியாமல் தவித்தால் மட்டும் சாய்ந்து உட்காரவிடுங்கள். வீட்டில் அட்ரினலின் இருந்தால் உடனே போடுங்கள், பிறகு 999. ஐந்து கட்டை தூரம், அதில் பாதி செம்மண் சாலை என்றால் ஆம்புலன்ஸ் எங்கே வந்து சந்திப்பது என்று தொலைபேசியிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கார் வைத்திருக்கும் அண்டை வீட்டார் யார், இரவில் எழுப்பினால் வருவாரா என்பதை இன்றே கேட்டு வையுங்கள். காரில் பின் இருக்கையில் படுத்தபடிதான் போக வேண்டும். மருத்துவமனையில் சரியாகிவிட்டது என்றவுடன் கிளம்பிவிடாதீர்கள். அடங்கியது சில மணி நேரம் கழித்து மறுபடியும் கிளம்புவதுண்டு. அவர்கள் வைத்துப் பார்க்கும்வரை இருங்கள்.

இந்த வாரமே பையனை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். போன மாதம் என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். முன்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் தோல் சோதனை செய்வார்கள். கால் மணி நேரத்தில் கொசு கடித்தது போல் எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். அரிப்பு மாத்திரை எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தால் சோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தாமல் போனால் முடிவு பொய் சொல்லும்.

பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடமும் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆசிரியர் சொல்லிவிடுவார் என்று விடாதீர்கள். சிற்றுண்டிச்சாலை அம்மாளிடம் "இவனுக்கு இறால் ஆகாது" என்றால் போதாது. "சம்பால், பெலாச்சான், கெரோப்போக், இறால் பொரித்த எண்ணெய்" என்று பெயர் சொல்லுங்கள். கடையில் வாங்கும் பொட்டலங்களில் 'மெங்கண்டுஙி' (அடங்கியுள்ளது) என்ற மலாய்ச் சொல்லுக்குப் பின்னால் வருவதைப் படிக்கப் பையனுக்கே சொல்லிக் கொடுங்கள். எட்டு வயதில் இறாலைக் குறிக்கும் 'ஊடாங்' என்ற சொல்லை அவனால் கண்டுபிடிக்க முடியும். வாசனையே தெரியாத அளவுக்குப் பொடியாகக் கலந்திருக்கும் நொறுக்குத் தீனிகளில் அது அவனைக் காப்பாற்றும். ஒரு நல்ல செய்தி: கோயில் அன்னதானத்தில் அவன் கவலையில்லாமல் பந்தியில் உட்காரலாம். எல்லா இடத்திலும் "தொடாதே, தொடாதே" என்று கேட்டு வளரும் குழந்தைக்கு இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட ஓர் இடம் வேண்டும்.

இனி நீங்கள். அந்த 27 உணவுச் சோதனைத் தாளை மடித்து அலமாரிக்குக் கீழே ஆடாமலிருக்க வையுங்கள், அதற்குத்தான் உதவும். இவ்வகைச் சோதனைகள் பெரும்பாலும் அளப்பது ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளை. ஒருவர் ஒன்றை அடிக்கடி சாப்பிடுகிறார் என்பதற்கு அடையாளம் அது. ஆகாது என்பதற்கு அல்ல. தினமும் சோறு தின்னும் தமிழருக்கு அரிசி தென்படாமல் வேறு என்ன தென்படும்? ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் சங்கம், உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 2008-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் பட்டணந்தோறும் விற்கிறார்கள், கூடவே மாற்றாகச் சத்து மாவு டப்பாவையும். உங்கள் வாய்க்கும் வயிற்றுக்கும் அரிசியோ முட்டையோ கோதுமையோ எந்தத் தொல்லையும் கொடுத்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தாள் சொல்லித்தான் விட்டிருக்கிறீர்கள். இன்று இரவே சோறும் பருப்பும் சாப்பிடுங்கள். நாளை முட்டை, மறுநாள் தோசை, சப்பாத்தி. எடை இழப்பைக் கிளினிக்கில் சொல்லி ரத்தசோகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்காகப் போகும் அதே நாளில் முடிந்துவிடும்.

பாலைக்கூட அறவே விட வேண்டியதில்லை. லாக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள். ஏறக்குறைய ஒரு குவளைப் பாலில் உள்ள அளவு அது. ஒரு கிளாஸ் தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப் பாலில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படியென்றால் ஏன் உப்புகிறது? காலையில் வெறும் வயிற்றில், வேலைக்கு ஓடும் அவசரத்தில், ஒன்றுக்கு இரண்டாகக் குடிக்கிறீர்களா என்று யோசியுங்கள். பசியாறியபின் அரைக் கிளாஸில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் எது வரை தாங்குகிறது என்று பாருங்கள். உங்கள் எல்லை எது என்று உங்கள் வயிறு சொல்லிவிடும். தொல்லை வந்தால் அன்றைக்குப் பால் இல்லாத தே ஓ குடியுங்கள். தயிரும் மோரும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பாலைப் புளிக்கவைத்த கிருமிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, வயிற்றுக்குள் போயும் உதவுகின்றன. நெய்யில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை. எலும்புக்குக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை, தௌஃபு இருக்கின்றன. தேங்காய்ப்பாலை ஏன் விட்டீர்கள்? அது பெயரில்தான் பால். லாக்டோஸுக்கும் தென்னைக்கும் சம்பந்தமே கிடையாது. தேங்காய்ச் சோறு ஆக்குங்கள், பெலாச்சான் இல்லாத சம்பாலோடு.

பெயரில் பால் உள்ள இன்னொன்று உங்களுக்கு உண்மையிலேயே ஆகாமல் இருக்கலாம்: பால்மரத்துப் பால். கையுறைத் தொழிற்சாலை, வாழைப்பழம், வாய் அரிப்பு என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் தோன்றியது அதுதான். ரப்பர் பாலில் உள்ள புரதங்களுக்கு அலர்ஜி உள்ளவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குச் சில பழம், காய்களும் ஒத்துக்கொள்வதில்லை. முன்வரிசையில் வாழை, அவகாடோ, கிவி, சிலருக்குப் பப்பாளியும். மரம் காயம்பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் புரதமும் வாழைப்பழத்துப் புரதமும் ஒன்றுக்கொன்று சாயல் கொண்டவை. உங்களூருக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் பின்னே வந்த தோட்டங்களுக்குத்தான் நம் தாத்தாக்கள் கப்பலேறினார்கள். உளியும் மங்கும் பிடித்த கைகளின் பேத்தி கையுறை ஆலையில் நின்று அதே பாலோடு மல்லுக்கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போகட்டும்.

உங்கள் கையுறை எந்த வகை என்று வேலையிடத்தில் கேளுங்கள். நைட்ரைல் என்றால் அதில் பால்மரத்துப் புரதம் இல்லை. அப்படியும் கை அரித்தால் அது உற்பத்தியில் சேர்க்கும் ரசாயனத்தால் வரும் தோல் அழற்சியாக இருக்கலாம். அது வேறு கதை. ரப்பர்ப் பால் என்றால், பலூன் ஊதும்போது உதடு அரிக்கிறதா, வேலையிடத்தில் தும்மலும் கண் எரிச்சலும் வருகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். இது உறுதியானால் பல் டாக்டரிடமும், பிரசவ அறையிலும், அறுவைக்கு முன்னும் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி. அவர்கள் கையுறையை மாற்றிக்கொள்வார்கள். அதுவரை வாழைப்பழத்தை விடுங்கள். 27 தேவையற்ற தடைகளை எழுதிய தாள், இருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டது பார்த்தீர்களா?

கணவருக்கு வந்தது பெரும்பாலும் அலர்ஜியே அல்ல. தொங்கோல், கெம்போங் போன்ற கருஞ்சதை மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதன் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். உடம்பு சுரக்க வேண்டிய அதே சரக்கை மீனோடு சேர்த்து விழுங்கினால் முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பும் வரலாம். சமைத்தால் அது போகாது. மோட்டார் சைக்கிள் மீன்காரர் மதியம் ஒரு மணிக்கு வந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கு முட்டைக் குழம்பு. நல்ல மீனாக வாங்கி, ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். அன்று மூச்சுத் திணறல் இருந்தது என்றாலோ, நல்ல மீனிலும் மறுபடி வந்தாலோ, டாக்டரைப் பார்க்காமல் தொட வேண்டாம்.

கடைசியாகக் கைக்குழந்தை. அண்ணனுக்கு அலர்ஜி என்பதால் தங்கைக்கு எதையும் காட்டாமல் இருப்பதுதான் பத்திரம் என்று ஒரு காலத்தில் நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். 2015-இல் லண்டனில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்து எங்கள் வாயை அடைத்தது. அலர்ஜி வரும் அபாயம் அதிகமுள்ள 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஒரு வயது ஆகும் முன்பிருந்தே நிலக்கடலை கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், விலக்கி வைத்த குழந்தைகளில் 100-க்கு 17 பேருக்குக் கடலை அலர்ஜி. சாப்பிட்ட குழந்தைகளில் 100-க்கு 3 பேருக்குத்தான். உங்கள் மாமியாரின் "கொடுத்துப் பழக்கு" சரியாகப் பொருந்தும் இடம் இதுதான். ஜாகா இன்னும் யாரையும் திருடன் என்று முடிவு கட்டாத வயது இது.

குழந்தைக்குத் தோலில் மோசமான கரப்பான் படை இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் நன்றாக வெந்த முட்டையை மசித்து, கஞ்சியில் கால் கரண்டி கலந்து, காலை வேளையில், அவள் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கும் நாளில் கொடுங்கள். இரண்டு மணி நேரம் கண்ணெதிரே இருக்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் மெல்லக் கூட்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடருங்கள். ஒருமுறை காட்டிவிட்டு நிறுத்துவதில் பயன் இல்லை. நான்கைந்து நாள் கழித்து நிலக்கடலை. முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும், கூடவே கூடாது. வறுத்து மைய அரைத்து, கஞ்சியில் நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள். இறாலை மட்டும் அவளுக்கு வீட்டில் கொடுக்காதீர்கள். அவளுக்காக அல்ல, அவள் கையும் வாயும் அண்ணன் மேல் படும் என்பதற்காக.

ஆக, நாளைக்கு வீட்டில் சோறு, முருங்கைக்கீரைப் பருப்பு, நல்ல மீன் கிடைத்தால் குழம்பு, இல்லையென்றால் முட்டை, கடைசியாக மோர். ஐந்து பேருக்கும் ஒரே சமையல், பாப்பாவுக்கு அதிலேயே மசித்தது. தட்டில் வாழைப்பழம் வந்தால் அதைப் பையன் பக்கம் தள்ளிவிடுங்கள். தோல் சோதனை முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கையுறை எந்த வகை என்பதையும் இந்த முறை பின்குறிப்பில் இல்லாமல் மேலேயே எழுதுங்கள்.